பின்கழுத்துக் கருமையும் இரண்டாம் வகை நீரிழிவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மகளின் பின்கழுத்தில் படர்ந்திருந்த கருமையை அழுக்கென்று எண்ணி நாள்தோறும் அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டியதாகத் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறினார். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுப்பது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அவர் பட்ட வருத்தமே என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது.

நடுத்தர வயதினரின் நோய் என்று நாம் கருதிவந்த இரண்டாம் வகை நீரிழிவு இப்போது பதின்பருவத்தினரிடமும் காணப்படுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்தாலும் தசையும் கல்லீரலும் அதற்கு இணங்குவதில்லை. அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து கணையம் தளரும்போது இரத்தச் சர்க்கரை உயர்கிறது. பெற்றோருக்கு இந்நோய் இருப்பதையும், கர்ப்பகாலத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்ததையும் மாற்ற இயலாது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இனிப்பூட்டிய பானங்கள், குறைந்த தூக்கம், மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கும் வழக்கம் ஆகியவை நம் கையில் உள்ளவை.

பரம்பரை நோய் என்று கைவிரிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில், நோயின் விளிம்பில் இருந்த பெரியவர்கள் உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டபோது, நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையால் அவ்வாய்ப்பு 31 விழுக்காடு மட்டுமே குறைந்தது.

இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே, தேர்வு நெருங்கும் காலத்திலும் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுக்க நான் இசையமாட்டேன். வீட்டிலும் மாலை விளையாட்டை முதலில் நிறுத்தாதீர்கள். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் தேவை என்பதால், இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

எடை கூடிய பிள்ளையை உடன்பிறந்தோர் முன்னிலையில் கேலி செய்யவோ, அப்பிள்ளைக்கு மட்டும் தனி உணவு வைக்கவோ வேண்டாம். மாற்றம் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருந்தால்தான் நிலைக்கும். பெரியவர்களுக்கும் அது நன்மையே.

பின்கழுத்தில் கருமை தெரிந்தால் இனித் தேய்க்காதீர்கள். குடும்பத்தில் யாருக்கெல்லாம் நீரிழிவு உள்ளது என்ற விவரத்துடன் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்காக விடுப்பு வேண்டுமெனில் வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்