ஒரு கால் விட்டால் கொலை

எஸ்போ, பின்லாந்து
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று ராத்திரிதான் வீடியோவில் அரை மணி நேரம் பேசினோம். அதில் இருபது நிமிஷம் உன் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரிந்தன. மீதிப் பத்து நிமிஷம், சாப்பிட்டாயா, குளிருகிறதா, பிள்ளைக்குச் சளி விட்டதா. போனில் நமக்கு இதைத் தாண்டிப் பேச வராது. அதனால்தான் இந்தக் கடிதம். கண் ஆபரேஷன் ஆனவள் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஆற அமர நீயே படி. தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, அவன் பாதியை முழுங்கிவிடுவான்.

மணி நான்குகூட ஆகவில்லை, வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் பகலே ஆறு மணி நேரத்துக்குக் குறைவு. பனி விழுந்தாலாவது தரை வெள்ளையாகி வெளிச்சம் தரும். இப்போது மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று சதசதவென்று கொட்டுகிறது. சரி, வானிலையை விடு. அதைத்தான் தினமும் கேட்கிறாயே.

நான் வேலை பார்க்கும் மழலையர் காப்பகத்தில் கைக்குழந்தைகளை மதியம் தள்ளுவண்டியில் போர்த்தி வெளியே குளிரில்தான் தூங்க வைப்பார்கள். முதல் நாள் பார்த்து எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. நீ பார்த்திருந்தால் இந்த ஊரையே திட்டித் தீர்த்திருப்பாய். அந்தப் பிள்ளைகளோ கன்னம் சிவக்க இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகின்றன.

நான் சொல்ல வந்தது அவர்கள் பாஷையைப் பற்றி. இதில் குறில் நெடில் உண்டு அம்மா, ஒற்று மிகுவதும் உண்டு. துலி என்றால் நெருப்பு. தூலி என்றால் காற்று. துல்லி என்றால் சுங்கம். நம் எழுத்தில் எழுதினால் கண்ணாடி மாதிரி தெரிகிறது, வகுப்பில் என்னோடு படித்த மற்ற நாட்டுக்காரர்கள் திணறியபோது நான் கொஞ்சம் திமிராகவே உட்கார்ந்திருந்தேன். வேற்றுமை உருபைக்கூட நம்மைப்போலச் சொல்லின் வாலில்தான் ஒட்டுகிறார்கள். தலோ என்றால் வீடு, தலோஸ்ஸா என்றால் வீட்டில். அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ஹேன். நம் ‘அவர்’ மாதிரி, ஆனால் மரியாதைக்கு அல்ல, எல்லோருக்கும்.

திமிர் ரொம்ப நாள் நிற்கவில்லை. எழுத்தில் தெரிவது வாயில் வர வேண்டுமே. காப்பகத்தில் ஒருநாள், கிளம்பும்போது, கூட வேலை செய்யும் அம்மாளிடம் ‘நாளைக்கு உங்களைச் சந்திக்கிறேன்’ என்று சொல்ல நினைத்தேன். தபான் என்று நீட்ட வேண்டும். அவசரத்தில் தபன் என்று குறுக்கிவிட்டேன். அதற்கு அர்த்தம், ‘கொல்கிறேன்’. அந்த அம்மாள் கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டே, ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டார். ஒரே ஒரு கால் குறைந்ததுக்குக் கொலை! இப்போதும் என்னைப் பார்த்தால், ‘இன்றைக்கு உயிரோடு விடுவாயா?’ என்கிறார்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் நீ படித்த புத்தகம்தான் கண்ணுக்குள் வருகிறது. 1991. நான் ஒன்றாம் வகுப்பு. நீ கல் உடைத்துவிட்டு வந்து, முகம் கழுவி, என் சிலேட்டையே தூக்கிக்கொண்டு தெருவிளக்கடிக்குப் போவாய். ஒரு பக்கம் என் வீட்டுப்பாடம், மறுபக்கம் உன்னுடையது. படி, பட்டா என்று நீ எழுத்துக்கூட்டும்போது பக்கத்து வீட்டுச் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். பிறகு அதுவும் வந்து உட்கார்ந்தது. விரலெல்லாம் வெடிப்பு விட்டிருந்ததால் குச்சியை உன்னால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. பேனாவைவிடச் சம்மட்டி லேசு என்று சொன்னாய். அடுத்த வருஷம் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தபோது நமக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பஸ் போர்டை யாரிடமும் கேட்காமல் நீயே படித்து ஏறினாயே, அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. கீரனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், இறங்கிப் போய் இன்னொரு தடவை போர்டைப் பார்த்துவிட்டு வந்தாய்.

இங்கே ஏப்ரல் 9 அன்று கொடி ஏற்றுகிறார்கள். யார் பிறந்த நாள், எந்த யுத்தம் என்று கேட்டேன். யுத்தமெல்லாம் இல்லை, மிக்கேல் அக்ரிகோலா என்ற பாதிரியார் நினைவு நாள், பின்னிஷ் மொழிக்கான நாளும் அதுதான் என்றார்கள். 1543-இல் இந்த மொழியில் முதல் அரிச்சுவடியை அச்சிட்டவர். அரிச்சுவடி போட்டவருக்குக் கொடி! அப்புறம் இன்னொன்றும் சொன்னார்கள். பழைய காலத்தில் இங்கே வேதப்பாடம் வாசிக்கத் தெரியாவிட்டால் சபையில் கல்யாணம் செய்துவைக்க மாட்டார்களாம். நல்லவேளை நீ இங்கே பிறக்கவில்லை. பிறந்திருந்தால் 1991 வரை கன்னியாகவே இருந்திருப்பாய், நான் எங்கே வருவது?

சனிக்கிழமைகளில் ஹெல்சிங்கியில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போவோம். 2018 டிசம்பர் 5-ஆம் தேதி, அவர்கள் சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் திறந்தது. நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. பேர் ‘ஓடி’. நான் மனசுக்குள் ‘ஓதி’ என்றே வைத்துக்கொண்டேன். மேல்மாடியில்தான் புத்தகங்கள். நடு மாடியில் என்ன இருக்கிறது தெரியுமா? தையல் மெஷின். வரிசையாக. முன்பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தைக்கலாம், காசு கிடையாது. நீ கொடுத்தனுப்பிய பட்டுப்பாவாடையின் இடுப்பை அங்கேதான் பிரித்துத் தைத்தேன். பக்கத்து மெஷினில் ஒரு வாலிபன் தன் கூடாரத்துக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். நூலகத்தில் சத்தம் போடலாமா என்று நான்தான் பயந்து பயந்து பெடலை மிதித்தேன்.

அங்கே நான் எடுத்து வாசிப்பது குழந்தைப் புத்தகங்கள்தான். சொற்களைக் கோடு போட்டுப் பிரித்து, அசை அசையாக அச்சடித்திருப்பார்கள். ஊரில் பி.எட். முடித்துப் பத்து வருஷம் பாடம் நடத்தினவள், நாற்பது வயதில் விரலை வைத்து வாசிக்கிறேன். தமிழில் படிக்க ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பதினோரு புத்தகங்கள்தான், எல்லாவற்றையும் மூன்று முறை முடித்தாயிற்று. அடுத்த தடவை நீ முறுக்கு அனுப்பும்போது எடையைக் குறைத்து இரண்டு புத்தகம் வை. மருமகன் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஆகஸ்ட் மாதம் காட்டுக்குப் பழம் பறிக்கப் போனோம். இங்கே காடு யாருடையதாக இருந்தாலும் பழமும் காளானும் பறிக்க யாரிடமும் கேட்க வேண்டாம், சட்டமே அப்படி. வீட்டு முற்றத்துக்குள் மட்டும் போகக்கூடாது. காளான் பக்கம் நான் போகவில்லை. எது சோறு, எது விஷம் என்று தெரியாத இடத்தில் கையை வைக்காதே என்பது உன் பாடம். முஸ்திக்கா என்று ஒரு பழம், முழங்கால் உயரம்கூட இல்லாத செடியில் கரும் நீலமாக இருக்கும். தின்றால் நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடுகிறது. பேத்தி நாக்கை நீட்டிக்கொண்டே திரிந்தாள். நார்த்தாமலை அடிவாரத்தில் நாம் சூரைப்பழம் பொறுக்கிய கதையைச் சொன்னேன். ‘அதுக்கு யார்கிட்ட கேட்டீங்க?’ என்றாள். காவல்காரன் விரட்டியதைச் சொல்லவில்லை.

கல்லைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். இந்த ஊரும் பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹெல்சிங்கி நடுவில் பாறையைக் குடைந்து ஒரு தேவாலயம், 1969-இல் திறந்தது. மேலே செம்பில் வட்டக் கூரை. சுவரைப் பூசாமல், உடைத்த பாறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். நான் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தேன். நீ வந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து பிளந்தார்கள் என்று சொல்லியிருப்பாய். குகைக்கோயிலில் கை வைத்தால் வருமே ஒரு சில்லிப்பு, அதேதான்.

இனிமேல் எழுதுவதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

போன வாரம் கடைக்குப் போக ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். பழக்கத்துக்காகப் பின்னிஷில்தான் எழுதுவது. பால், முட்டை, பூ. பூவுக்குக் குக்கா. நான் ஒரு ‘க்’கை விட்டுவிட்டுக் குகா என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ‘யார்’ என்று அர்த்தம். பேத்தி இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், சிவப்புப் பென்சிலால் அதை வட்டம் போட்டு, ‘பால், முட்டை, யார். யாரைம்மா வாங்கப் போறோம்?’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அந்தச் சிவப்பு வட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை.

2003-இல் திருச்சி ஹாஸ்டலுக்கு நீ ஒரு கார்டு போட்டாய். நினைவிருக்கிறதா? ‘நல்ல சப்பிடு. மழை பெயது. பணம் அனுபறேன்.’ காலும் இல்லை, புள்ளியும் இல்லை. ரூமில் இருந்த பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். பொங்கலுக்கு வந்தபோது சிவப்பு மையில் பதினோரு தப்பு வட்டம் போட்டு, உன்னிடமே காட்டினேன். நீ அடுப்பு வேலையில் இருந்தாய். வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ஆமாண்டி, காலை விட்டுட்டேன்’ என்று சிரித்தாய். கார்டை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாய். அப்புறம் நீ எனக்கு எழுதவே இல்லை. போன் வந்துவிட்டது, அதனால்தான் எழுதவில்லை என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுக்குப் போன் வந்தது 2006-இல். நடுவில் மூன்று வருஷம் இருக்கிறது.

அந்தக் கார்டு இன்னும் இருந்தால் எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் தேடி அலையாதே.

இதோடு இரண்டு கவர் வைத்திருக்கிறேன். இங்கத்தைய விலாசத்தை நானே எழுதி ஒட்டிவிட்டேன். இந்த ஊர்த் தபால்தலை அங்கே செல்லாது, அதனால் தம்பியைத் தபாலாபீசுக்கு அனுப்பி எடை போட்டுத் தலை ஒட்டச் சொல். கவரை ஒட்டிவிட்டுக் கொடு, அவன் பிரித்துத் திருத்தப்போகிறான். என்ன எழுதுவது என்று கேட்பாய். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, சித்தி முழங்கால் எப்படி, கறுப்பி கன்று போட்டதா, இது போதும். பேத்திக்கும் தனியாக நாலு வரி எழுது. அவள் இப்போதுதான் தமிழில் ‘சாப்பிடு’ எழுதப் பழகுகிறாள். நேற்று ‘சப்பிடு’ என்று எழுதியிருந்தாள். நான் பென்சிலைத் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் மூத்தவள்