சேலையில் பட்ட செயின் கறை

புதுக்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மறுபடியும் சைக்கிளில் வேலைக்குப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த பக்கத்திலேயே நீலக் கைத்தறிச் சேலை கறையாகிவிட்டது, இனி பஸ்தான் என்று எழுதிவிட்டாயே. கொஞ்சம் பொறுடி.

1992 ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்களுக்கு எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த சமயம், ஊரெல்லாம் பெண்கள் சைக்கிள் பழகினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் வாடகைக்கு ஜென்ட்ஸ் சைக்கிள் எடுத்தோம். உன் பாவாடை ஓரத்தை செயின் கவ்வியபோது பல் பல்லாக ஒரு கறுப்பு வரிசை பதிந்ததே, அதோடே மறுநாளும் வந்தாய். அன்றைக்கு விடாதவள் இப்போது ஏன் விட வேண்டும்?

முதலில் சேலையைப் பார். தண்ணீர் காட்டாதே. கறை மேல் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் மெதுவாகத் தேய்த்தால் கறுப்பு இளகும். அதைப் பழைய துணியால் ஒற்றி எடு, பரப்பித் தேய்த்துவிடாதே. அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு அலசு. சாயம் போகிறதா என்று ஓரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள். கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி போடவே கூடாது, சூடு பட்டால் அங்கேயே தங்கிவிடும்.

இனி சைக்கிள். புது எண்ணெய் கறுப்பாக வருவதில்லை. தூசியும் செயின் தேய்ந்து வரும் இரும்புத் தூளும் அதில் சேர்ந்துதான் அந்த மையாகிறது. உன் தெருவில் யாரோ வண்டி ஒர்க்‌ஷாப்பின் வேஸ்ட் ஆயிலை ஊற்றச் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம், அது வரும்போதே கறுப்பு. தேங்காய் எண்ணெயும் செயினுக்கு ஆகாது, நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும், ஆனால் அது லேசானது என்பதால் அடிக்கடி போட வேண்டும்.

நான் சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவேன். துணியில் கறுப்புக் கோடு விழும். மடிப்பை மாற்றி மாற்றிப் பிடித்தால் கோடு வெளிறி சாம்பலாகும். பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம்தான், மொத்தம் நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். பொறுமையாகப் போடு. கால் மணி நேரம் கழித்து வெளியே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடு. உள்ளே போனதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது தூசியைக் கூப்பிடும், சேலையிலும் ஒட்டும். எல்லாரும் இந்தக் கடைசித் துடைப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடையில் உனக்குக் கொடுத்தது பாதி செயின் கவர். முழுக்க மூடுகிற கவர் பொருந்துமா என்று கேள். பின்சக்கரத்துக்கு வலையும் போடச் சொல், முந்தானை உள்ளே போகாது. கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறு. சுடிதார் என்றால் வலது காலில் ஒரு ரப்பர் பேண்டு.

இன்னொன்று. எனக்குக் கறை பட்டதெல்லாம் ஓட்டும்போது இல்லை, ஆபீஸ் ஸ்டாண்டில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிளை இழுக்கும்போதுதான். செயின் வலப்பக்கம் இருக்கிறது, எப்போதும் இடப்பக்கம் நின்று தள்ளு. பக்கத்துச் சைக்கிளின் செயினையும் பார்த்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பொங்கலுக்கு வருவாய்தானே? உனக்கும் ஒரு சைக்கிள் துடைத்து வைக்கிறேன், விடியற்காலையில் திருக்கோகர்ணம் வரை போய்வரலாம். நீலச் சேலை தேறியதா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி