வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறப்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நிவாரண முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் நீங்கள் ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், வருகிற திங்கட்கிழமை முதல் நம் பள்ளி மீண்டும் இயங்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தரைத்தளத்துச் சுவர்கள் இன்னும் காயவில்லை. ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில், வெள்ளத்துக்கு முந்தைய நாள் எழுதிய வகுத்தல் கணக்கின் மேல்பாதி அப்படியே இருக்கிறது. கீழ்ப்பாதியைத் தண்ணீர் அழித்துவிட்டது. ஆகவே எல்லா வகுப்புகளும் சில வாரங்களுக்கு மாடியில், முற்பகலில் மட்டும் நடைபெறும்.

உங்களிடம் நான் வலியுறுத்திக் கேட்பது ஒன்றே: பிள்ளைகளை இருக்கிற நிலையிலேயே பள்ளிக்கு அனுப்புங்கள். சென்ற வாரம் வாசலில் நின்ற ஒரு தாய், "புத்தகம், சீருடை எல்லாம் போயிடுச்சு சார், வாங்கினதும் அனுப்புறேன்" என்றார். அந்த அம்மாவிடம் சொன்னதையே அனைவருக்கும் சொல்கிறேன்: எதையும் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். காலில் செருப்பு மட்டும் கட்டாயம் இருக்கட்டும்; அதுவும் இல்லையென்றால் எங்களிடம் தெரிவியுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.

செருப்பை வற்புறுத்துவதற்குக் காரணம் எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த வெள்ளநீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும். நோயின் அறிகுறி தெரிய 2 நாள் முதல் 30 நாள் வரை ஆகலாம் என்பதால், தெருவெல்லாம் காய்ந்த பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், வெள்ளநீரில் நடந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. வீட்டில் சேறு வாரும் வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். கைகள் போதாத நேரத்தில் இது கடினமான வேண்டுகோள்தான் என்பதை அறிவேன். ஆனால் அந்தச் சேற்றில் கண்ணாடித் துண்டும் இருக்கிறது, பாம்பும் இருக்கிறது. நீங்கள் வீட்டைச் சுத்தம் செய்யும் அந்த முற்பகல் முழுவதும் அவர்கள் எங்களிடம் இருக்கட்டும்.

குடிநீரை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். கலங்கிய நீராக இருந்தால் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் குறைந்தது 1 நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வீட்டைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும்.

நனைந்த சான்றிதழ்களைக் குறித்துப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காமல், வெயிலில் போடாமல், நிழலில் காற்றாட வைத்து, இடையிடையே வெள்ளைத்தாள் செருகி ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. அதைக்கொண்டு எங்களால் வழங்கக்கூடியவற்றை மீண்டும் எழுதித் தருவோம்.

எனக்கு அதிகக் கவலை தருவது பிள்ளைகளின் மனம். மழைத்தூறல் விழுந்தாலே பயப்படுவது, இரவில் எழுந்து அழுவது, படுக்கையை நனைப்பது, உங்கள் கையை விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் பேரிடரைக் கண்ட பிள்ளையிடம் இயல்பாகக் காணப்படுபவை; இதற்காகத் தயவுசெய்து அடிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். வெள்ளத்தை வைத்தே விளையாடினால் தடுக்க வேண்டாம். நேற்று முன்கூட்டியே வந்த இரண்டு சிறுவர்கள் மண்ணில் வீடு கட்டி, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, பள்ளிக்கு வருவது, நண்பனைப் பார்ப்பது என்ற பழைய ஒழுங்கு திரும்பும்போது பெரும்பாலான பிள்ளைகள் மெல்லத் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் பயம் குறையாவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சேர்ந்தே வழி செய்வோம்.

முதல் வாரம் பாடம் நடத்தமாட்டோம், வீட்டுப்பாடமும் இராது. படம் வரையவும் பேசவும் பேசாமல் இருக்கவும் பிள்ளைகளுக்கு நேரம் தருவோம். உங்களை விட்டுப் பிரிய மறுக்கும் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓட வேண்டாம். நீங்களும் உடன் வந்து அமர்வதற்காக ஒவ்வொரு வகுப்பின் பின்வரிசையிலும் சில நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்