‘நெட் வரலை’ என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு செவிலியர் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கல்லூரிகளிலும் நூலகங்களிலும் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்கள் கண்ணில் படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அதையொட்டிய செமினாருக்காக மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ‘பிரெஸ்ட்கேன்சர் டாட் ஆர்க்’ தளம் திறக்கவில்லை. “அக்கா, நெட் வரலை” என்றாள். ஆனால் அதே பிரவுசரின் பக்கத்துத் தாவலில் மற்ற தளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. குரோம் திரையில் ‘எர் டனல் கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்ற ஒரு வரி மட்டும். நானும் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன். அரை நாள் வீணாகப் போயிற்று.

எங்கள் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று தளங்களை வடிகட்டும் மென்பொருள் ஸ்க்விட் பிராக்ஸி. மதியத்துக்கு மேல்தான் அதன் ஆக்சஸ் லாகை, அதாவது யார் எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்ற பதிவேட்டை, திறந்தேன். அவள் கணினியின் ஐபி எண்ணுக்கு நேராக ‘டிசிபி டினைடு 403’ என்று வரிசையாக இருந்தது. நெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் பிராக்ஸியே மறுத்திருக்கிறது. ஆபாசத் தளங்களைத் தடுக்க என்றோ யாரோ எழுதிய சொற்பட்டியலில் ‘பிரெஸ்ட்’ இருந்தது. முகவரியில் அந்த எழுத்துகள் வந்தாலே தடை. எச்டிடிபிஎஸ் தளம் (மறையாக்கிய பாதுகாப்பான இணைப்பில் திறப்பது) என்றால் பிராக்ஸி அனுப்பும் ‘அனுமதி இல்லை’ பக்கத்தை பிரவுசர் காட்டாது. பிள்ளைகள் நெட் போய்விட்டது என்று நினைப்பது அதனால்தான்.

அந்தத் தளத்தை அனுமதிக்கும் ஒரு வரியை ஸ்க்விட்டின் விதிகள் உள்ள கோப்பின் கடைசியில் சேர்த்தேன், பலனில்லை. ஸ்க்விட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும். வரியைத் தடைக்கு மேலே ஏற்றினேன். அப்போதும் திறக்கவில்லை. டொமைன் பெயருக்கு (தளத்தின் முகவரிப் பெயருக்கு) முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்ந்த முகவரி அதில் அடங்காது. புள்ளி வைத்து ரீலோட் செய்ததும் தளம் வந்தது.

இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நாளை வார்டில் ஒரு தாயிடம் கூச்சமில்லாமல் மார்பகப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள். அவர்கள் படிக்கிற இடத்திலேயே அந்தச் சொல்லை ஆபாசப் பட்டியலில் வைத்திருந்தோம். எனக்கு அது மிகவும் வலித்தது. எத்தனை பேர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருப்பார்களோ!

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனிச் சொற்களை எடுத்துவிட்டு, தடுக்க வேண்டிய டொமைன்களைப் பெயர் சொல்லித் தடுங்கள். ஆய்வக வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். தளத்தின் பெயர், கணினி எண், நேரம் மூன்றையும் மாணவர்கள் எழுதட்டும். லாகில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக இருக்கும். அதை மாற்றிப் பார்க்கத் தெரிந்தால், மறுக்கப்பட்ட வரியை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்புவதற்குள் உங்கள் பட்டியலை ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆய்வக உதவியாளர்,
விருதுநகர் மாவட்டம்.