பார்கோடு படிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய செடிகள் பற்றி

மதிப்பிற்குரிய கொள்முதல் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாதவரத்தில் நர்சரி வைத்து உங்கள் கடைகளுக்குச் செடி போடுபவன் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் குடோன் வாசலோடு எங்கள் லோடு திரும்பியது ஏன் என்று உங்களுக்கே தெரியும். பார்கோடு ஸ்கேன் ஆகவில்லையாம்.

எப்படி ஆகும்? கறுப்பு நாற்றுப் பை மண்ணும் ஈரமும் சுருக்கமுமாகத்தான் இருக்கும். அதில் ஒட்டினால் கோடு நெளிகிறது. தண்ணீர் விட்டால் ஓரம் பிய்ந்துகொள்கிறது. கடை பில் போல அச்சாகும் அந்தத் தாள் வெயிலில் மங்கியும் விடும். தண்ணீரும் வெயிலும் காட்டாமல் செடி வளர்க்க எங்களுக்குத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் மதியம்வரை குட்டியானையிலேயே நிறுத்திவைத்தீர்கள். செம்பருத்தி மொட்டெல்லாம் வண்டித் தட்டில் உதிர்ந்து கிடந்தது, துளசி தலை தொங்கிவிட்டது. அதை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பார்த்ததெல்லாம் ஸ்டிக்கரைத்தான்.

பார்கோடுக்கு, இந்தியாவில் பதிவானது என்று காட்டும் 890-ல் தொடங்கும் 13 இலக்க எண் வேண்டும் என்கிறீர்கள். வருடச் சந்தா கட்டி வாங்கலாம், சரி. ஆனால் ரோஜாவில் நிறத்துக்கு ஒன்று, பை அளவுக்கு ஒன்று. சின்னப் பையில் இருந்ததைப் பெரிய பைக்கு மாற்றினால் அதற்கும் வேறு எண். பிஸ்கட் பாக்கெட் வளராது, செடி வளரும்.

நாங்கள் கேட்பது இதுதான்: ஸ்டிக்கரை நீங்களே கடையில் ஒட்டுங்கள். தக்காளியை எடை போட்டு நீங்கள்தானே ஒட்டுகிறீர்கள்? 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் இப்படிக் கடைக்குள் மட்டும் புழங்கத்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பை அளவுக்கும் விலைக்கும் ஒரு எண் போட்டால் போதும், பில் போடுகிறவருக்கும் சுலபம். செடிக்கு ஜிஎஸ்டியும் இல்லை, அந்தக் கணக்கில் குழப்பம் வராது.

உங்கள் படிவத்தில் காலாவதித் தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வேப்பங்கன்றுக்கு என்ன எழுத? என் பேரனைக் கேட்டுச் சொல்கிறேன். போன லோடுக்கு வர வேண்டிய பணமும் வரவில்லை, அதற்கு எந்தக் கோடு ஒட்ட வேண்டுமோ. சரி, அது வேறு பஞ்சாயத்து.

தயவுசெய்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலையைக் கடைப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வண்டி வாடகையாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
மாதவரம் நர்சரிக்காரன்