ரங்கூனில் பழைய சர்வர் மறுபடி ஓடுகிறது

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்று இருந்தேன், இப்போது அதற்கு நேரமில்லை. கோவில் கட்டளைப் பதிவேடு, அதாவது யார் எந்த பூஜைக்குப் பணம் கட்டி வைத்தார்கள் என்ற கணக்கு, கிடைத்துவிட்டது! நீ எழுதிய அதே புரோகிராம், அதே பச்சைத் திரையோடு என் லேப்டாப்பில் ஓடுகிறது.

காகிதப் பேரேடுகள் 2008 நர்கீஸ் புயலில் நனைந்து கூழானபோது நீயும்தான் கூட நின்றாய். அப்புறம் சர்வரும் போனது. போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், நம் கோவில் தலைவர் அண்ணனுக்கு எழுதியிருந்தாள். அவள் தாத்தா, 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் ஏறியவர். கிளம்பும் முன் ஆடி வெள்ளிக்கு ஒரு கட்டளை எழுதி வைத்தாராம். அது இன்னும் நடக்கிறதா என்று கேட்டிருந்தாள். அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மிச்சம் இருந்தவை ஒரு பேக்கப் சிடி, உன் புரோகிராம் சிடி, விண்டோஸ் 2000 சர்வர் சிடி. அக்கா பையன், "டேட்டாவை மட்டும் உருவிக்கலாமே மாமா, எதற்கு முழு சர்வர்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணையில் இருப்பவை வெறும் குறியீடுகள். எந்த எண் அபிஷேகம், எந்த எண் அன்னதானம், திதி எப்படிக் கணக்காகிறது என்பதெல்லாம் புரோகிராமுக்குள் இருக்கின்றன. அது வளர்ந்த வீட்டிலேயே வைத்துத்தான் அதைப் பேச வைக்க முடியும் என்று முடிவு செய்தேன்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றைக் கற்பனையாக ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் ஒரு மெஷின் உண்டாக்கினேன். ஒரே பிராசஸர், 512 எம்பி நினைவகம். அந்தக் காலத்தில் 128 இருந்தாலே சர்வர் ஏறிவிடும், நினைவிருக்கிறதா? வட்டு சின்னதாக 8 ஜிபி. முக்கியமானது, அதை வட்டுக்கான புதிய இணைப்பான சாட்டாவில் மாட்டக் கூடாது, பழைய இணைப்பான ஐடிஇயில்தான் மாட்ட வேண்டும். சாட்டா என்றால் என்னவென்றே இந்த சிடிக்குத் தெரியாது. விண்டோஸை நிறுவும் நீலத் திரை வந்தது, எஃப்8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்றேன், வட்டை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்தேன். அதுவரை சுகம். பிறகு ஒவ்வொரு பாகமாகப் பதிவு செய்யும் கட்டத்தில் மெஷின் தானே ரீபூட் ஆனது. மறுபடி அதே இடம், மறுபடி ரீபூட். ஒரு தடவை வட்டு முழுக்க வெற்று லாக் கோப்புகள் நிரம்பிக் கிடந்தன. சிடி கீறலாக இருக்குமோ என்று பயந்தேன். இன்னொரு சிடிக்கு இந்த ஊரில் நான் எங்கே போவேன்?

காரணம் சிடி இல்லை, மாப்பிள்ளை. விர்ச்சுவல் பாக்ஸ் கையேட்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறது. விண்டோஸ் 2000இன் வட்டு டிரைவர் ஒரு வேலையைக் கேட்டுவிட்டு, கேட்டதைக் குறித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டால் குழம்பிப்போகிறது. மளிகைக் கடையில் நீ பட்டியலைச் சொல்லி வாயை மூடுவதற்குள் பையன் பொட்டலத்தை மேஜையில் வைத்தால், கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? அப்படித்தான். நிஜ வட்டில் கொஞ்சம் தாமதம் எப்போதும் இருந்ததால் அந்தப் பிழை பெரும்பாலும் வெளியே தெரியவில்லை. இன்றைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கற்பனை வட்டோ நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. மருந்து, அந்த பதிலை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிப்பது. ஐஆர்க்யூ டிலே என்று ஒரு அமைப்பு, அதை 1 என்று வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வைத்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் கடைசிவரை போனது. வேகம்தான் கெடுத்தது என்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா! இரண்டு நாள் வீட்டில் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், உன் தங்கச்சி எழுந்து போய்விட்டாள்.

கரண்ட் கதையைக் கேட்காதே. முறை வைத்துத்தான் விடுகிறார்கள், அந்த முறையும் நிலையில்லை. நல்லவேளை, விர்ச்சுவல் மெஷினை அப்படியே நிறுத்திச் சேமித்துவிட்டு, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிஜ சர்வரில் நாம் இருவரும் யுபிஎஸ்ஸைக் கட்டிக்கொண்டு நின்ற காலத்தை நினைத்துப் பார்.

நெட்வொர்க்கை முழுக்கப் பிடுங்கிவிட்டேன். விண்டோஸ் 2000க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2010 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. 2003இல் நெட்வொர்க் வழியே பரவிய பிளாஸ்டர் புழு இதை என்ன பாடு படுத்தியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கோப்புகளை சிடியின் நகல் போன்ற ஒரே கோப்பாக, ஐஎஸ்ஓவாக்கி, சிடி மாதிரி உள்ளே கொடுத்தேன். வெளியே எடுக்க இரண்டாவதாக ஒரு சின்னக் கற்பனை வட்டு (விஎச்டி).

அடுத்தது எழுத்து. பெயர்கள் திறந்தபோது எல்லாம் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பேக்கப்பிலிருந்து, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியின் எழுத்துருவை எடுத்துப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. "யூனிகோடிலேயே அன்று அடித்திருக்கலாமே" என்று சிலர் இப்போது சொல்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் இருந்தது, சரி. கோவில் ஆபீசில் இருந்தது விண்டோஸ் 98. நீ எழுதியது விஷுவல் பேசிக் 6இல், அதன் பெட்டிகள் யூனிகோடைக் காட்டாது. அன்றைக்கு நீ செய்ததுதான் சரி. 2019இல் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்து முறையிலிருந்து யூனிகோடுக்கு இந்த நாடே மாறப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசலாமா?

மாற்றுவது சுலபமில்லை. டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, யூனிகோடில் பின்னால் வர வேண்டும். "கொ" மாதிரி எழுத்துகளில் இரண்டு பக்கமும் இருப்பதைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாத்தாவின் பெயர் இருக்கிறது. ஆடி மூன்றாம் வெள்ளி, அபிஷேகம், சர்க்கரைப் பொங்கல், முதல் தொகை முழுக்கக் கட்டியாயிற்று. எத்தனை வருஷமாக நடக்காமல் போயிற்றோ. இந்த ஆடியில் நடக்கும், தலைவர் அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு எழுதியும் போட்டாயிற்று. ஆனால் இவர் ஒருவரா? இப்படி எத்தனை குடும்பம் இங்கே பணத்தையும் நம்பிக்கையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது! இங்கே இருக்கும் நாலு பேரும் போய்விட்டால் இதை யார் திறந்து பார்ப்பார்கள்? இந்த எண்ணம் என்னை விடுவதில்லை, அதனால்தான் அவசரப்படுகிறேன்.

கணக்கப்பிள்ளை ஐயாவின் லாகினில் ஒவ்வொரு பெயராகத்தான் பார்க்க முடிகிறது. முழுப் பட்டியலை எடுக்க நீ வைத்த மேலாளர் கடவுச்சொல் வேண்டும். உன் பழைய நோட்டுகளைப் புரட்டு, அண்ணியிடமும் கேள், அவர்தான் எதையும் தூக்கிப் போடமாட்டார். கிடைத்த உடனே எழுது. போனில் வேண்டாம், கரண்ட் இல்லாத நேரத்தில் லைன் கிடைப்பதில்லை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை