வெட்டுவது பழசு, பிடிப்பதுதான் புதுசு: காப்புரிமை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்புரிமை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். ரத்தக்குழாய் வழியே போய் இதய வால்வின் இதழை வெட்டும் கதீட்டர் (மெல்லிய நெகிழ்குழாய்) கருவிகளுக்கான விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றின் முதல் உரிமைக்கோரல், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாசகம், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். நீளமான தண்டு ஒன்று, அதன் முனையில் வெட்டும் உறுப்பு ஒன்று, கடைசியில் 'வால்வு இதழை வெட்டும் வகையில் அமைக்கப்பட்டது' என்று ஒரு தொடர். அந்தத் தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை மட்டும் நம்பி உரிமை கொடுத்துவிடாதீர்கள். அதைப் படித்த எரிச்சலில், விண்ணப்பத்தின் உள்ளே கிடக்கும் உண்மையான கண்டுபிடிப்பையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

எதற்காக வெட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். அறுவை சிகிச்சையில் பொருத்திய திசு வால்வு சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். மறுபடி நெஞ்சைத் திறக்காமல், கதீட்டர் வழியாகப் புது வால்வைப் பழையதற்குள்ளேயே விரிக்கிறார்கள். அப்போது பழைய இதழ்கள் வெளிப்பக்கமாக ஒதுங்கி, புது வால்வைச் சுற்றி ஒரு குழாய்ச் சுவர் போல நின்றுவிடும். இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனியின் வாய் தாழ்வாக இருந்தாலோ, பெருந்தமனியின் அடிப்பகுதி குறுகலாக இருந்தாலோ, அந்தச் சுவர் கரோனரியை அடைத்துவிடும். இது அபூர்வம். ஆனால் நடந்துவிட்டால் பிழைப்பது கடினம். அதனால் புது வால்வை விரிப்பதற்கு முன் பழைய இதழை நடுவில் பிளந்துவிடுகிறார்கள். வால்வு விரியும்போது பிளவு முக்கோணமாகத் திறந்து கரோனரிக்கு ரத்தம் போக வழி கிடைக்கும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்விலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. அங்கே முன்னிதழ் தள்ளப்பட்டு, இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையை மறிக்கும்.

இதற்கு வழி காட்டியவர்கள் அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் லெடர்மன், ஜாஃபர் கான் குழுவினர். மிட்ரலுக்கான 'லாம்பூன்' முறை மனிதர்களில் செய்யப்பட்ட விவரம் 2017இலும், பெருந்தமனி வால்வுக்கான 'பசிலிக்கா' முறை 2018இலும் வெளிவந்தன. பசிலிக்காவுக்கென்று அவர்கள் தனிக் கருவி எதையும் செய்யவில்லை. அடைபட்ட கால் தமனிகளைத் திறக்க விற்பனையில் இருந்த 0.014 அங்குல கைடு வயரை (கதீட்டருக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியை) எடுத்தார்கள். மின்சாரம் ஏற்றி, இதழின் அடிப்பகுதியில் துளைத்து, மறுபக்கம் ஸ்னேர் வளையத்தால் அதைப் பிடித்தார்கள். கம்பியின் நடுப்பகுதியில் காப்புப் பூச்சைச் சுரண்டி வி வடிவத்தில் மடித்து, அந்த மடிப்பு இதழில் உட்கார்ந்ததும் மீண்டும் மின்சாரம் கொடுத்து இழுத்தார்கள். கூடவே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தைப் பாய்ச்சினார்கள். ரத்தமும் உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும், டெக்ஸ்ட்ரோஸ் கடத்தாது. ஆகவே மின்னோட்டம் சிதறாமல் இதழிலேயே குவியும்.

இவ்வளவும் அச்சில் இருக்கிறது. அதற்குப் பிறகு தாக்கலான ஒரு விண்ணப்பம் 'மின்சாரம் ஏற்றிய கம்பியால் இதழை வெட்டுதல்' என்ற அளவில் நின்றால், அதில் புதுமை எங்கே?

இன்னும் பின்னால் போனால் இன்னும் பழசு. எலியட் கட்லர் 1923 மே மாதம் பாஸ்டனில், 12 வயதுச் சிறுமியின் மிட்ரல் வால்வை இதயச் சுவர் வழியாகக் கத்தி நுழைத்து வெட்டினார். பிறகு இதழில் ஒரு துண்டையே வெட்டியெடுக்கத் தனிக் கருவியும் செய்தார். பலன் மோசமாக இருந்ததால் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார். 1948இல் ரஸ்ஸல் பிராக் நுரையீரல் தமனி வால்வைக் கீழறை வழியாக வால்வுலோடோம் என்ற வால்வு வெட்டும் கருவி கொண்டு வெட்டினார். இதய மேலறைகளுக்கு இடையிலான தடுப்பைக் கிழிக்க, முனையில் மடக்குக் கத்தி வைத்த கதீட்டரை சாங் பார்க் 1975இல் விவரித்தார். அப்புறம் காலில் பைபாஸ் செய்பவர்கள், சிரையை அதன் இடத்திலேயே வைத்து உள்ளிருக்கும் வால்வுகளை வெட்டும் கருவியைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். காப்புரிமை வகைப்பாட்டில் செயற்கை வால்வுகளுக்கான ஏ61எஃப் 2/24 வகுப்பில் மட்டும் தேடினால் இவற்றில் பல கண்ணில் படாது. வெட்டும் கருவிகளுக்கான ஏ61பி 17/32, மின்முனைகளுக்கான ஏ61பி 18/14 ஆகியவற்றுக்குள்ளும் இறங்கியாக வேண்டும்.

'வெட்டும் வகையில் அமைக்கப்பட்டது' என்பது ஒரு பயன். கருவிக்கு உரிமை கேட்பவர் கருவியின் அமைப்பில் வேறுபாட்டைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1997இல் ஒரு வேடிக்கையான வழக்கு தீர்ப்பானது. பாப்கார்ன் கொட்டும் கூம்பு மூடிக்கு ஒருவர் காப்புரிமை கேட்டார். எண்ணெய் டப்பாவுக்கான பழைய கூம்பு ஒன்றே போதும், அதிலும் பாப்கார்ன் கொட்டும் என்று நீதிமன்றம் அவரை அனுப்பிவைத்தது. ஸ்க்ரைபர் வழக்கு என்பார்கள். ஐரோப்பிய அலுவலகத்திலும் 'இன்ன வேலைக்கான கருவி' என்றால் அந்த வேலைக்குத் தோதான கருவி என்றே பொருள் கொள்கிறார்கள். தெரிந்த மருந்துக்குப் புது மருத்துவப் பயன் கண்டால் அங்கே உரிமை கேட்க இடம் உண்டு. கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, அப்படியானால் இந்தத் துறையில் கண்டுபிடிப்பு எங்கேதான் இருக்கிறது? கதீட்டர் கருவிகளை வடிவமைக்கும் எங்களைக் கேட்டால், பிடியில் என்போம்.

இதழ் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. பழைய திசு வால்வில் சுண்ணாம்பு படிந்து சில இடம் கல்லாகவும் சில இடம் தோலாகவும் இருக்கும். பிளவு இதழின் அடியை ஒட்டித் தொடங்கி, விளிம்பு வரை, கரோனரியின் வாய்க்கு நேராக ஓட வேண்டும். ஓரமாக நழுவி இரு இதழ்கள் சேரும் மூலைக்குப் போய்விட்டால் வெட்டியும் பயனில்லை. அடியைத் தாண்டிப் போனால் பெருந்தமனிச் சுவரே கிழியும். மிட்ரலில் என்றால், இதழைத் தாங்கும் நாண்கள் அறுந்துவிடக் கூடாது. வெட்டு முடிந்த கணத்திலிருந்து ரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்குவதால், கருவியை எடுத்துவிட்டுப் புது வால்வை விரிப்பது வரை எல்லாமே அவசரம். உடைந்த சுண்ணாம்புத் துணுக்கு மூளைக்குப் போகும் அபாயமும் கூடவே இருக்கிறது. இத்தனையையும் எக்ஸ்ரே திரையிலும் எக்கோ படத்திலும் தெரியும் நிழல்களை நம்பித்தான் செய்கிறார்கள்.

ஆகவே நல்ல வடிவமைப்பாளர் மூளையைச் செலவழிப்பது கத்தியின் கூரில் அல்ல. இதழின் இரு பக்கமும் எந்தக் கை எப்படி உட்காருகிறது? கத்தி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை எக்ஸ்ரேயில் எந்தக் குறி காட்டுகிறது? அடிப்பகுதியைத் தாண்டாமல் எது தடுக்கிறது? வெட்டி முடித்து வெளியே வரும்போது கூரான விளிம்பை எது மூடுகிறது? இவை உரிமைக்கோரலிலேயே இருக்க வேண்டும். விளக்கவுரையின் நடுவில் எங்கோ ஒரு படத்தில் மட்டும் இருந்தால், அதை முதல் உரிமைக்கோரலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

மறுபுறமும் சொல்ல வேண்டும். பிடியின் அமைப்பு உரிமைக்கோரலில் தெளிவாக வந்த பிறகும், 'சிரை வால்வை வெட்டும் கருவி ஒன்று இருக்கிறது, இதழைக் கவ்வும் கருவி இன்னொன்று இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதே' என்று நிராகரிப்பது எளிது. அவசரப்பட வேண்டாம். சிரையில் இருக்கும் வால்வு அத்தனையும் ஒழிய வேண்டும். எந்த இதழ், எந்தக் கோடு என்ற கேள்வியே இல்லை. கருவியைக் கீழே இழுத்தால் வேலை முடிந்தது. இதயத்தில் ஒரே இதழில் ஒரே கோடு, அதுவும் அசையும் இலக்கில். முதல் வேலைக்குப் பழகியவர் இரண்டாவதற்காக ஏன் அந்தக் கருவியை எடுப்பார், எடுத்தாலும் எதை மாற்றுவார் என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில், பழையவற்றை இணைத்து நிராகரிக்க ஆய்வாளருக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்தது உண்மை. ஆனால் இணைப்பதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. ஐரோப்பிய முறையில் தீர்க்க வேண்டிய சிக்கலை வரையறுக்கும்போதும், கேள்விக்குள்ளேயே விடையை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. படங்களில் இருப்பதெல்லாம் கத்தி. விளக்கவுரையில் விரிவாக இருப்பதும் கத்தி. ஆனால் ஒரு பத்தியில் 'வெட்டும் உறுப்பு மின்சாரம், லேசர், மீயொலி அல்லது வேறு எந்த ஆற்றலாலும் இயங்கலாம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து, உரிமைக்கோரலில் எல்லா வழிகளையும் வளைத்துப் போட்டுவிடுவார்கள். கத்திக்கு இதழின் பின்னால் ஒரு தாங்கல் வேண்டும்; மின்கம்பிக்குக் காப்பும், கடத்தாத திரவமும், மின்னோட்டம் குவியும் சிறு பரப்பும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு பொறியியல். ஒன்றைச் செய்துகாட்டியவர் மற்றதற்கு வேலியிடுவது நியாயமில்லை. கேட்கும் பரப்பு முழுவதையும் பிறர் செய்யும்படி விளக்கியிருக்க வேண்டும் என்று 2023இல் ஆம்ஜென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எதிர்ப்பொருள் மருந்து பற்றிய வழக்குதான், ஆனால் தத்துவம் இங்கேயும் பொருந்தும்.

தேடலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. இத்துறையில் புதியவை முதலில் தலைகாட்டுவது மருத்துவ மாநாடுகளில்தான், நேரலைச் சிகிச்சைகளாகவும் ஸ்லைடுகளாகவும். கண்டுபிடித்தவரே தாக்கலுக்கு முன்னால் மேடையேறிக் காட்டியிருக்கலாம். அமெரிக்காவில் அதற்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் இல்லை. சிகிச்சை முறைக்கான கோரல்களும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவும் இந்தியாவும் அவற்றை ஏற்பதில்லை. அமெரிக்கா ஏற்கிறது, ஆனால் கண்புரை அறுவை முறை ஒன்றைப் பற்றிய வழக்குக்குப் பிறகு, 1996 முதல் மருத்துவர்கள் மீது இழப்பீடு கோர முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. கருவிக்கான கோரல் என்ற பெயரில் அறுவை முறையின் படிகளை வரிசையாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நிராகரிக்கும்போது பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறீர்கள். அனுமதிக்கும்போதும் இரண்டு பத்தி எழுதுங்கள்: எந்தப் பிடி, எந்தத் தடுப்பு, எந்த மூடி இதைப் பழையவற்றிலிருந்து பிரித்தது என்று. உங்கள் கோப்பு பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. அடுத்த கருவியை வரையப்போகிறவர் எந்த வேலியைத் தாண்டக் கூடாது, எந்த நிலம் இன்னும் திறந்திருக்கிறது என்பதை அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

இப்படிக்கு,
கதீட்டர் கருவி வடிவமைப்பில் இருக்கும் ஒரு பொறியாளர்